எந்த லயம்?

"எந்தத் தோட்டம்?"

"புக்கிட் செராய்."

"எந்த லயம்?"

பொன்னுதுரை வாயைத் திறந்தான், மூடினான், எச்சிலை விழுங்கினான்.

"மே... மேல் லயம்."

"விளங்கிரும்!" சீதா அகப்பையைச் சட்டியில் ஒரு தட்டுத் தட்டினாள். "கோழி திருடுனவன் மாதிரி முழிச்சுக்கிட்டு நின்னா வீடா குடுப்பாங்க? நாய்க்கூண்டு கூடக் குடுக்கமாட்டாங்க. திரும்பச் சொல்லுங்க. எந்த லயம்?"

"போடி! எனக்கு வரல."

"வரணும். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள வரணும்."

மலாக்கா டவுனில் ஒரு லாரிப் பட்டறையின் பின்பக்கம், கரி மூட்டைகளுக்கு நடுவில்தான் புருஷனும் பெண்டாட்டியும் இந்த ஒத்திகையை நடத்திக்கொண்டிருந்தார்கள். ஜப்பான்காரன் வந்து இரண்டாவது வருஷம். பெட்ரோல் என்பது பேச்சுக்குக்கூட இல்லாமல் போய், லாரிகளெல்லாம் முதுகில் ஒரு அடுப்பைக் கட்டிக்கொண்டு கரிப்புகையில் ஓடிக்கொண்டிருந்தன. அந்த அடுப்பைச் சமாளித்து லாரி ஓட்டத் தெரிந்தவர்கள் ஊரில் பத்துப் பேர் இருந்தால் அதிகம். பொன்னுதுரை அதில் ஒருத்தன். அதனால்தான் தோட்டத்திலிருந்து அவனைக் கூப்பிட்டு வேலை கொடுத்தார்கள்.

வேலை கிடைத்ததைவிடப் பெரிய சங்கதி, ரப்பர் தோட்டத்தை விட்டு வெளியே வந்தது. புக்கிட் செராயில் சயாம் ரயில் வேலைக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். முதல் தடவை பதினோரு பேர் போனார்கள். ஒருத்தன்கூடத் திரும்பவில்லை, ஒரு வரிச் சேதியும் இல்லை. அடுத்த பட்டியலில் பொன்னுதுரை பெயர் இருந்தது. பட்டறை மேலாளர் நல்ல மனிதர்தான். ஆனால் அவரும் மேலே பதில் சொல்ல வேண்டியவர். "சனிக்கிழமை மத்தியானத்துக்குள் டவுனில் ஒரு விலாசம் வேண்டும். தெருத் தலைவர் கையெழுத்துப் போட்ட சீட்டு வேண்டும். இல்லையென்றால் உன்னைத் தோட்டத்துக்கே அனுப்பச் சொல்லிவிடுவார்கள்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

இன்றைக்கு வெள்ளி.

வீடா இல்லை மலாக்காவில்? ஜனங்கள் பாதிப் பேர் பயந்து கம்பத்துக்கு, கிராமப்புறத்துக்கு, ஓடிவிட்டதில் தெருவுக்குத் தெரு காலி வீடு. இல்லாதது வேறு. நம் ஜனங்கள் கப்பலேறி வந்தபோது பானை சட்டியைக்கூட விட்டுவிட்டு வந்தார்கள். ஜாதியை மட்டும் உடையாமல் நசுங்காமல் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள். தோட்டத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடுகளான லயங்களிலேயே அதற்கு இடமும் ஒதுக்கிவிட்டார்கள். கோயில் பக்கம் மேல் லயம், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கீழ் லயம். டவுன்காரர்கள் நாகரிகம் தெரிந்தவர்கள் அல்லவா? "என்ன ஜாதி?" என்று முகத்துக்கு நேரே கேட்கமாட்டார்கள். "எந்த லயம்?" என்றுதான் கேட்பார்கள்.

திங்கட்கிழமை செங் என்ற இடத்தில் ஒரு வீடு பார்த்தார்கள். வீட்டுக்காரர் வாயெல்லாம் பல்லாக வரவேற்றார். லயம் தெரிந்ததும், வீட்டை இப்போதுதான் மச்சானுக்குக் கொடுத்துவிட்டதாக ஞாபகம் வந்துவிட்டது. புதன்கிழமை புக்கிட் காதிலில் வீடு கிடைத்தது. ஆனால் முன்வாசல் வழியாக வரக்கூடாது, கொல்லை வழியாக வாழைத் தோப்பைச் சுற்றிக்கொண்டு வரவேண்டும் என்றார்கள். "அப்ப மழை பெஞ்சா நீந்தித்தான் வரணுமா?" என்று சீதா கேட்டதில் அதுவும் போயிற்று. நேற்று தெங்கேராவில், கடற்காற்று ஜிலுஜிலுவென்று அடிக்க ஒரு நல்ல வீடு. அங்கே கேள்வியே கேட்கவில்லை. சீதாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்புறம் வீட்டுக்காரர், பொன்னுதுரை உட்கார்ந்து எழுந்த பெஞ்சுப் பலகையில் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றினார். விசாரிக்காமலே கண்டுபிடிக்கிற கெட்டிக்காரர் போலிருக்கிறது.

அதற்குப் பிறகுதான் பொய் சொல்வது என்று முடிவானது. சீதாவுக்கு அதில் இஷ்டமே இல்லை. ஆனால் சயாம் போன பதினோரு பேரை நினைத்ததும் சரி என்றாள்.

சனிக்கிழமை காலையில் காஜா பேராங்குக்குப் போனார்கள். பட்டறைக்குப் பக்கம், நடந்தே வந்துவிடலாம். சந்துக்குள் நுழைந்ததுமே சீதாவுக்கு அந்த இடம் பிடித்துப்போயிற்று. முதல் வீட்டில் ஒரு செட்டி சமூகத்து அம்மாள், நெற்றி நிறைய விபூதியும் இடுப்பில் மலாய்க் கைலியுமாக, வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். தலைமுறை தலைமுறையாக மலாக்காவிலேயே இருந்துவிட்ட அந்த ஜனங்களுக்குச் சாமி நம் சாமி, பேச்சு மலாய்ப் பேச்சு. அவள் மலாயிலேயே, "புதுசா குடி வர்றீங்களா? எத்தனை பிள்ளைங்க? இன்னும் இல்லையா? அதனால என்ன, பலாப்பழம் பிடிக்குமா? எங்க மரம் உங்க பக்கந்தான் பழம் போடும்" என்றாள். அவ்வளவுதான் விசாரணை! சீதா புருஷன் காதில், "இந்தத் தெருதாங்க. செத்தாலும் இங்கதான் சாகணும்" என்றாள்.

"மொதல்ல உயிரோட குடி வருவோம்," என்றான் அவன்.

காலி வீடு அலமேலு ஆச்சியுடையது. செட்டிநாட்டு அம்மாள். புருஷன் ஊருக்குப் போன இடத்தில் சண்டை மூண்டு கப்பல் நின்றுவிட, ஆச்சி பெரிய வீட்டில் தனியாக இருந்தாள். பக்கத்திலிருந்த சின்ன வீட்டைத்தான் வாடகைக்கு விடவேண்டும். ஆனால் ஆள் பொறுக்குவது ஆச்சி இல்லை, ராஜரத்தினம். தெருத் தலைவர் அவர்தான், ஆச்சியின் காரியஸ்தரும் அவர்தான். ஜப்பான்காரன் கொடுத்த கைப்பட்டையும் தோளில் துண்டுமாக ஆச்சி வீட்டு முன்கூடத்தில் பதிவேட்டை விரித்து உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். விறைப்பான ஆள்.

"எந்தத் தோட்டம்?"

"புக்கிட் செராய், ஐயா."

ராஜரத்தினம் நிமிர்ந்தார். பொன்னுதுரையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"எந்த லயம்?"

"மேல் லயம்," என்றான் பொன்னுதுரை. திக்கவில்லை, திணறவில்லை, எச்சில் விழுங்கவில்லை. சீதாவே ஒரு நிமிஷம் நம்பிவிட்டாள்.

"அட, நம்ம லயம்!" ராஜரத்தினத்தின் விறைப்பெல்லாம் பொலபொலவென்று உதிர்ந்தது. "நான் அங்கேருந்து கிளம்பி இருபத்தஞ்சு வருஷம் ஆச்சுய்யா. நீங்கள்லாம் பொறந்திருக்கக்கூட மாட்டீங்க. இத்தனை வருஷத்துல அந்தத் தோட்டத்தைப் பத்திப் பேச ஒரு நாதி கிடையாது எனக்கு. உக்காருங்க, உக்காரும்மா. மாரியம்மன் திருவிழா இன்னும் நடக்குதா?"

"போன வருஷம் கூட நடந்துச்சுங்க. ஜப்பான்காரனே வந்து பாத்துட்டுப் போனான்."

"தேர் பால் ஸ்டோர் முக்குல வந்து நிக்குமே?"

"நிக்கும், நிக்கும்."

"பூசாரி தேங்காயை உடைச்சுச் சில்லு சில்லா வீசுவாரு பாரு!" ராஜரத்தினம் எழுந்தே நின்றுவிட்டார். தோளில் கிடந்த துண்டை உதறி, இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, முழங்காலை மடக்கி அண்ணாந்து பார்த்தார். ஐம்பது வயசு ஆள் பத்து வயசுப் பிள்ளையாகிவிட்டார். "இப்படி ஏந்துவேன்! அந்தப் பக்கம் வீசுனா அந்தப் பக்கம், இந்தப் பக்கம் வீசுனா இந்தப் பக்கம். ஒரு சில்லு தரையில விழாது. எங்க ஆத்தா ஊரெல்லாம் பீத்திக்கும், எம்மவன் போனா ஒரு வாரத்துக்குச் சட்னின்னு!"

"ஆமாங்கய்யா, லேசுப்பட்ட வேலையா அது," என்று பொன்னுதுரை பல்லை இளித்தான். கண்டம் தப்பிய சந்தோஷத்தில் அவனுக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

சீதாவுக்குச் சுரீரென்று உறைத்தது.

புக்கிட் செராயில் மேல் லயத்தார் யாரும் துண்டு விரித்ததில்லை. அவர்களுக்குப் பூசாரி பூவோடு சேர்த்துத் தேங்காய்ச் சில்லைக் கையில் கொடுப்பார். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நிற்கிற கீழ் லயத்தாருக்குத்தான் தூக்கி வீசுவார். சீதாவே பாவாடையில் ஏந்திப் பிடித்தவள்தான்.

ராஜரத்தினம் உட்கார்ந்து, மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டே பேனாவை எடுத்தார். இன்னும் ஒரு கையெழுத்து, சீட்டு கைக்கு வந்துவிடும். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் சீதாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"எங்கப்பா வேட்டியையே விரிச்சிருவாரு, அண்ணே," என்றாள். "துண்டுல அவ்வளவா நிக்காது."

பேனா நின்றது.

"சீதா!" என்றான் பொன்னுதுரை. அவன் முகத்தில் ரத்தம் இல்லை.

"நம்ம லயந்தான் அண்ணே, நீங்க சொன்னது சரிதான்," என்றாள் சீதா மெதுவாக. "வீசுனா ஏந்துற லயம்."

ராஜரத்தினம் உள்வாசல் பக்கம் பார்த்தார். துண்டை எடுத்து முகத்தை ஒற்றிக்கொண்டார். கோபப்படுவார் என்றுதான் சீதா நினைத்தாள். அவர் கெஞ்சினார்.

"மெல்லப் பேசும்மா. யாருக்கும் தெரியாது. இதை யார்கிட்டயும் சொல்லிடாத."

"எதை அண்ணே? எங்க கதையவா, உங்க கதையவா?"

அவர் துண்டை மடித்து மறுபடி தோளில் போட்டுக்கொண்டார்.

"சரி, உங்களுக்கே இப்படின்னா," என்றாள் சீதா, "வர்றவன் போறவனையெல்லாம் நீங்களே நிக்க வச்சு ஏன் கேக்குறீங்க?"

"கேக்குறவனை யாரும் கேக்கமாட்டாங்கம்மா," என்றார் ராஜரத்தினம்.

சீதாவுக்குச் சிரிப்பு போய்விட்டது. புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். நேற்று வரைக்கும் 'மேல்' என்ற வார்த்தை வாயில் வராமல் தவித்த மனுஷன், இன்றைக்குத் தண்ணீர் பட்ட பாடாகச் சொன்னானே! இன்னும் இருபது வருஷத்தில் இவனும் இப்படி ஒரு பதிவேட்டை வைத்துக்கொண்டு, வருகிறவனிடமெல்லாம் லயம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பானோ? அந்த நினைப்பு அவளுக்குச் சயாமைவிடப் பயமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து ஆச்சி சாவியோடு வந்தாள்.

"என்ன ராஜரத்தினம், விசாரிச்சாச்சா? திங்கக்கெழமைக்குள்ள ஆள் வரலைன்னா ஜப்பான்காரன் காலி வீட்டுல சிப்பாயைக் கொண்டாந்து இறக்கிப்புடுவானாமே. எந்த லயமாம்?"

ராஜரத்தினம் பதிவேட்டைப் பார்த்தார். பொன்னுதுரை வாயைத் திறந்தான். சீதா முந்திக்கொண்டாள்.

"கீழ் லயம், ஆச்சி."

பொன்னுதுரை கண்ணை மூடிக்கொண்டான்.

"கீழ் லயமா?" ஆச்சி ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். "என்ன ராஜரத்தினம் இது? எட்டு வருஷமா இந்தத் தெருவுக்குள்ள ஒரு தப்பான ஆளை விட்டதில்லயே நீங்க! இப்ப என்ன சொல்றீக?"

ராஜரத்தினம் ‘கூடாது’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்த இரண்டு பேரும் வெளியே போய்விடுவார்கள். பொன்னுதுரை சயாம் போய்விடுவான், ரகசியமும் அவர்களோடு போய்விடும். ராஜரத்தினத்துக்கு அது தெரியாமல் இல்லை. சீதாவுக்கும் தெரியும். இருந்தும் தலை குனியாமல் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"குடுங்க ஆச்சி," என்றார் ராஜரத்தினம். சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்துச் சீட்டில் அழுத்தமாகக் கையெழுத்துப் போட்டார். "நல்ல ஜனங்க. நான் ஜவாப்தாரி."

ஆச்சி ஒரு தட்டில் சிப்பாயையும் ஒரு தட்டில் கீழ் லயத்தையும் வைத்து நிறுத்துப் பார்த்தாள். நெற்றி சுருங்கியது, விரிந்தது.

"பூட்ஸ் காலோட சிப்பாய் வந்து குந்துறதுக்கு இவுக தேவலை," என்று எல்லார் காதிலும் விழும்படி முணுமுணுத்தாள்.

"ஆமா ஆச்சி," என்றாள் சீதா. "எங்ககிட்ட பூட்ஸே கிடையாது."

ஆச்சி சாவியை மேசை ஓரத்தில் வைத்தாள். பொன்னுதுரை பாய்ந்து எடுக்கப் போனான். சீதா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். தன் வலது கையை ஆச்சியின் முன்னால் நீட்டினாள்.

"கையில குடுங்க ஆச்சி. நல்ல நாளும் அதுவுமா முதமுதல்ல குடி வர்றோம்."

இனிப்பாகத்தான் கேட்டாள். கையை மட்டும் மடக்கவில்லை. ஆச்சி சாவியைப் பார்த்தாள், அந்தக் கையைப் பார்த்தாள், ராஜரத்தினத்தைப் பார்த்தாள். அவர் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஆச்சி சாவியை எடுத்துச் சீதாவின் உள்ளங்கையில் வைத்தாள். விரல் பட்டது. பட்டதும் விறுவிறுவென்று கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

பொன்னுதுரை சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்து, மேலே கையை வைத்து அழுத்திக்கொண்டான். "கொன்னுட்டியேடி," என்றான். அவன் முகத்தில் சிரிப்பு வழிந்தது.

கொல்லையிலிருந்து ஆச்சியின் குரல் வந்தது.

"ராஜரத்தினம்! அண்டாவுல பொட்டுத் தண்ணி இல்ல. கை கழுவணும். வழக்கம்போல நீங்களே வந்து ரெண்டு வாளி எறைச்சு ஊத்துங்க. வேலைக்காரி போனதுலேர்ந்து உங்க கைத் தண்ணிதான எனக்கு. கண்டவுக எறைச்ச தண்ணி ஆகாது!"

ராஜரத்தினம் சீதாவைப் பார்த்தார். சீதா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். அப்படியும் சிரிப்பு பீறிக்கொண்டு வந்தது. அவர் துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டினார்.

"இதோ வந்துட்டேன் ஆச்சி!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரிக் குரல் கொடுத்தார். "ரெண்டு எப்படிப் பத்தும்? நாலு வாளியா எறைக்கிறேன், நல்லாக் கழுவுங்க!"