இமாஸ், அரிமாஸ்

கூடத்தில் அண்ணி நாற்காலிகளை ஓரமாக இழுத்துக்கொண்டிருக்க, உள்ளறையில் இளையவள் மடிக்கணினிக்கு முன்னால் உட்கார்ந்து தலை சீவிக்கொண்டிருந்தாள். விடிகாலையில் அப்பா ஆஸ்பத்திரியில் கண்ணை மூடிவிட்டார். பதினொரு மணிக்கு ஜப்பானிலிருந்து நேர்காணல். முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. தவறவிட்டால் அடுத்த வருஷம்தான். அப்பா பாடுபட்டதே இதற்குத்தான், பேசாமல் போய் உட்கார் என்று அண்ணன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான்.

பாடுபட்டது உண்மைதான். லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஜப்பானிய மொழி எதற்கு என்று கேட்டவர்கள் கேட்டுவிட்டுப் போகட்டும், மகளோடு போட்டி போட்டுக்கொண்டு தினமும் சாயங்காலம் படித்தார். தன் அப்பாவை 'சிச்சி' என்பார்களாம். பெற்றவனுக்கு நல்ல மரியாதை என்று சிரித்தார். 'எனக்கு உண்டு' என்று சொல்லும் பாடத்தில்தான் மனுஷன் வசமாக மாட்டிக்கொண்டார். இருப்பது உயிருள்ளதானால் இமாஸ், வெறும் பொருளானால் அரிமாஸ். அவர் லிஃப்டுக்கு இமாஸ் போட்டார்.

"அப்பா, அது மிஷின்."

"இருபது வருஷமா பழகுறேன். அதுக்கு உயிர் இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியாதா?"

அவளால் அவரைத் திருத்தவே முடியவில்லை.

திரையில் நடுவயது அம்மாள் ஒருத்தி தலை குனிந்து வணங்கினாள். படிப்பு, அனுபவம் எல்லாம் தடங்கலில்லாமல் போயிற்று. பிறகு, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள்.

அண்ணன் இமாஸ். அண்ணி இமாஸ். அடுத்ததை ஆரம்பித்து நிறுத்தினாள். இறந்தகாலம் அவளுக்குத் தெரியாததில்லை; சொல்லின் வாலை மாற்றினால் போதும். வாசலில் வண்டி ரிவர்ஸில் வரும் சத்தம் கேட்டது.

"பாடி வந்துடுச்சு," என்று அண்ணன் குரல் கொடுத்தான். "கேட்டை நல்லா தொறங்க."

"சிச்சி," என்றாள். "இமாஸ்."

அவள் சொன்னது அந்த வீட்டில் யாருக்கும் புரியவில்லை. புரிந்திருக்கக்கூடிய ஒருவரை வாசலில் இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

நீ இவ்வளவு தூரம் வந்துவிட்டால் அவருக்குத் தனிமையாக இருக்காதா என்றாள் அந்த அம்மாள், கரிசனமாக.

இருக்காது என்று சொன்னாள்.

உனக்கு இருக்காதா என்று அந்த அம்மாள் கேட்கவில்லை. நன்றி சொல்லி, எதையோ குறித்துக்கொண்டு, அடுத்த தாளைப் புரட்டினாள்.