வெண்டலுக்குப் பேச வராது

மூடுபனி இப்படித் திடுதிப்பென்று இறங்கும் என்று வெண்டல் நினைக்கவில்லை. கடலோரத்தில் மட்டிச் சிப்பி அள்ளிக்கொண்டிருந்தவன் வாரியோடு நிமிர்ந்தான். சேற்றில் விளையாடிக்கொண்டிருந்த மகள் ஐவியைக் காணோம். மூன்று வயசுப் பிள்ளை! கடல் ஏறிக்கொண்டிருந்தது.

“ஐவி! இங்க வா!” என்று இங்கிலீஷில் கத்தினான்.

பனிக்குள் சளக் சளக்கென்று சின்னக் கால்களின் சத்தம். அது விலகிப் போனது. ஐயோ, பயந்து ஓடுகிறாள்!

ஓடாமல் என்ன செய்வாள்? அப்பன் குரலை அவள் கேட்டதே இல்லை. அது அவன் மனைவி லொரெட்டா போட்ட சட்டம். நூறு வருசத்துக்கும் மேலாகப் பேச நாதியில்லாமல் கிடந்த, தங்கள் அமெரிக்கப் பழங்குடியின் வாம்பனோக் மொழியை வகுப்புக்குப் போய்க் கற்றவள் அவள். பிள்ளை காதில் முதலில் அதுதான் விழவேண்டும், அது தெரியாதவர்கள் பிள்ளை முன்னால் வாயைத் திறக்கக் கூடாது என்றுவிட்டாள். இவனும் ஒருநாள் வகுப்புக்குப் போனான். அங்கே உளறியதை மச்சான் கர்ட்டிஸ் ஊரெல்லாம் நடித்துக் காட்டினான். வந்ததே ரோஷம்! அன்றோடு படிப்புக்கு முழுக்குப் போட்டுவிட்டு வீட்டில் ஊமையானான். பிள்ளையோடு எல்லாம் கைஜாடைதான். பனிக்குள் ஜாடை யார் கண்ணுக்குத் தெரியும்?

“மச்சான், அந்தப் பக்கம் ஆழம்!” கரையிலிருந்து கர்ட்டிஸ் அலறினான். “அவ பாஷையில கூப்பிடு! எனக்கு ஒரு எழவும் தெரியாதே!”

“எனக்கு மட்டும் தெரியுமாடா?”

“தினம் காதுல விழுதுல்ல? எதையாவது சொல்லித் தொலை!”

தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது. வீட்டில் லொரெட்டா அந்த மொழியில் சொல்வதையெல்லாம் வெண்டல் வாயில் வந்தபடி கொட்டினான்.

“சாப்பிட வா! கை கழுவு! பல் தேச்சியா?”

சளக் சத்தம் நின்றது.

“யாரு?”

“அப்பா!”

“பொய்! அப்பாவுக்குப் பேச வராது!”

மறுபடி ஒரு சளக். அவனுக்கு உயிரே போய்விட்டது. ராத்திரியில் தான் பிள்ளையைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கும்போது லொரெட்டா தன்னை ஏசுவதை அப்படியே கத்தினான்.

“அவளைக் கீழ இறக்கு! தலை இடிக்கும்! உனக்கு அறிவே இல்லையா?”

பனிக்குள் களுக்கென்று ஒரு சிரிப்பு. அப்பா திட்டு வாங்கினால் அவளுக்கு எப்போதும் கொண்டாட்டம். சிரிப்பு கேட்ட திசையில் பாய்ந்தான். கழுத்தளவுத் தண்ணீரில் நின்றவளை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டான்.

கரையில் கர்ட்டிஸ் சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றான்.

ஐவி அப்பன் உதட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

“ஏன் இவ்ளோ நாளாப் பேசல?”

கேள்வி அவனுக்குப் புரிந்தது. பதில் சொல்லத்தான் அவனிடம் வார்த்தை இல்லை.

“கை கழுவு,” என்றான், தேம்பித் தேம்பி அழுதுகொண்டே. “சாப்பிட வா.”