பெரியவலையார் வீட்டு டிராகன்

டில்லிபாபுவின் முதுகில் குத்தப்பட்ட டிராகன் முதன்முதலாகத் தண்ணீர் குடித்தது ஆனி மாதத்து இரண்டாம் செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணிக்கு. குளிக்க வைத்திருந்த இரண்டு வாளியும் காலியாயின, தரை நனையவில்லை. அவன் நெட்டுக்குப்பத்துப் பெரியவலையார் வீட்டின் ஒரே ஆண்பிள்ளை. அம்மன் திருவிழாவில் முதல் விபூதி அந்த வீட்டுக்குத்தான், இன்றுவரை அதில் மாற்றமில்லை. அந்த வீட்டு ஆண்கள் பதினெட்டு வயதில் வலது மார்பில் வீட்டுப் பெயரைப் பச்சை குத்திக்கொள்வார்கள். கடலில் போனவனின் முகத்தை மீன் தின்றுவிட்டாலும் இன்னார் வீட்டுப் பிள்ளை என்று தெரிய வேண்டும். தகப்பனார் சுப்பராயன் தம் அண்ணனின் உடலை அப்படித்தான் அடையாளம் காட்டி வாங்கி வந்தார். அன்று டில்லிபாபுவுக்கு ஏழு வயது. அதிலிருந்து அவனுக்குக் கடல் பயம். வீட்டில் அதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

பதினெட்டு வயதில் அவன் மார்பை வெறுமையாக விட்டான். இருபத்து நான்கில் ராயபுரத்தில் பச்சை குத்தும் அலெக்ஸாண்டரிடம் போய், கழுத்தடியிலிருந்து இடுப்புவரை டிராகனைக் குத்திக்கொண்டான். அலெக்ஸாண்டரிடம் டிராகன் கேட்டு வருகிறவர்கள் குறைவில்லை. புழல் சிறையிலிருந்து வெளிவந்த ஒருவர் பழைய பெயரொன்றை மறைக்கக் கேட்டார். புற்றுநோயிலிருந்து பிழைத்த ஓர் ஆசிரியை அறுவைத் தழும்பைச் சுற்றிப் போட்டுக்கொண்டார். “நெருப்பு துப்புறது வேற ஜாதி மாமு. சீனாக்காரங்களுது தண்ணிக்கு ராஜா. மழையே அது சொன்னாத்தான் பெய்யும்,” என்றார் அலெக்ஸாண்டர். டில்லிபாபு தண்ணீருக்கு ராஜாவையே கேட்டான்.

“இன்னாடா இது, முதுகுல உடும்பு?” என்றார் சுப்பராயன்.

“டிராகன், நைனா.”

“நாளிக்கு நீ பொணமா ஒதுங்குனா சீனாக்காரனா வந்து வாங்கிப்பான்?”

மறுவாரமே அவர் மகனை ராயபுரத்துக்கு இழுத்துப்போய், டிராகனின் மோவாய்க்குக் கீழே வீட்டுப் பெயரை எழுதவைத்தார். விடிந்தபோது பெயரைக் காணவில்லை. டிராகனின் நாக்கு மட்டும் பச்சையாக இருந்தது. நான்கு தலைமுறைப் பெயரை ஒரு படம் தின்றதைச் சுப்பராயன் பொறுக்கவில்லை. தம் படகில் மகன் கால் வைக்கக் கூடாது, திருவிழாவில் தம்மோடு நிற்கவும் கூடாது என்று ஊர்ப் பஞ்சாயத்தின் முன்னால் சொல்லிவிட்டார்.

ஆடி பிறந்ததும், தண்ணீருக்கு ராஜா முதுகில் இருக்கும் தைரியத்தில், டில்லிபாபு பக்கத்து வீட்டு ஜெகதீசனின் ஃபைபர் படகில் போனான். முகத்துவாரத்தில் அலை படகைக் கவிழ்த்தது. ஜெகதீசன் நீந்தி வந்தான், டில்லிபாபு வரவில்லை. மூன்று நாள் குப்பமே கரையில் நின்றது. சுப்பராயன் எதுவும் சாப்பிடவில்லை. பெயரில்லாத மகனை எதை வைத்துக் கேட்டு வாங்குவது என்பதே அவர் கவலை.

மூன்றாம் நாள் பிற்பகல் நான்கு மணிக்கு முகத்துவாரத்தில் ஒரு தெரு அகலத்துக்குக் கடல் வற்றியது. இருபுறமும் தண்ணீர் சுவராக நிற்க, நடுவே ஈர மணலில் டில்லிபாபு நடந்து வந்தான். அவன் காலடியில் மீன்கள் துடித்தன. அத்தனை மீனவர் நின்ற கரையில் ஒருவர்கூட அவற்றைத் தொடவில்லை. இதை வேறுவிதமாகச் சொல்கிறவர்கள் அன்று கரையில் இல்லாதவர்கள். கரையேறியவன் தகப்பனுக்கு முதுகைக் காட்டினான். கடலைக் குடித்து உப்பிய டிராகனின் வயிற்றில், உள்ளங்கை உயரத்துக்குப் பச்சை எழுத்தில் பெரியவலையார் என்று இருந்தது.

“பேர முழுங்கல. பத்திரமா வச்சிகினு இருந்துகீது,” என்றார் தாய் கோவிந்தம்மா.

அமைச்சர் வந்தபோதும் தோள் துண்டை எடுக்காத சுப்பராயன், அதை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

அன்று மாலை டிராகன் குடித்ததையெல்லாம் மழையாக விட்டது. உப்புக் கரிக்காத மழை. அத்திப்பட்டு வரை கூரைகளில் படிந்திருந்த அனல்மின் நிலையச் சாம்பலைக் கழுவிக்கொண்டு போனது. வேப்பிலை இவ்வளவு பச்சை என்பதைக் குப்பத்துப் பிள்ளைகள் அன்றுதான் பார்த்தார்கள்.

அம்மனுக்கு யாரும் முதுகு காட்டுவதில்லை. அதனால் டிராகனுக்கு விபூதி வைப்பது எப்படி என்று பஞ்சாயத்தார் ஒரு பகல் முழுவதும் பேசினார்கள். இப்போது திருவிழாவில் டில்லிபாபு சட்டையில்லாமல் சன்னிதிக்கு முதுகைக் காட்டி நிற்கிறான். பூசாரி முதல் விபூதியை டிராகனின் நெற்றியில் வைக்கிறார். இரண்டாவது சுப்பராயனுக்கு. உங்களுக்கு முன்னால் வாங்குவது யார் என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால், அவர் நிமிர்ந்து நின்றபடி, “எங்க வூட்டுப் பெரியவரு,” என்கிறார்.