கண்மாய்க்கரைப் புளி ஏலம்

ஸ்டான்லி சாரின் மனசாட்சி ஐயாயிரம் ரூபாய்க்குப் போனது. கொஞ்சம் இழுத்துப் பேசியிருந்தால் எட்டாயிரத்துக்குப் படிந்திருக்குமே என்பதுதான் அன்று அவருக்கிருந்த ஒரே வருத்தம்.

நத்தம் பக்கம் ஒரு பள்ளியில் பதினோராம் வகுப்புக்கு மரம், காடு, அதன் வியாபாரம் எல்லாம் கற்றுத் தருகிறவர் அவர். கண்மாய்க்கரைப் புளியமரங்களின் காய்ப்பை ஏலம் விடுமுன், என்ன பெறும் என்று கணக்கிட்டுச் சொல்லும்படி ஊரார் கேட்டிருந்தார்கள். ஏலப் பணத்தில்தான் கண்மாயின் உடைந்த மடையைக் கட்டியாக வேண்டும். பிள்ளைகள் வெயிலில் மரம் மரமாக அலைந்து, எண்பதாயிரம் பெறும் என்று மதிப்புப் போட்டார்கள்.

ஏலத்தன்று வியாபாரி நல்லுசாமி சாரை டீக்கடைப் பக்கம் ஒதுக்கி, சட்டைப்பையில் ஒரு கவரைச் செருகினார். "நீங்க ஒண்ணும் செய்ய வேணாம் சார். சும்மா நில்லுங்க, போதும்."

சார் சும்மா நின்றார். மதிப்பு என்ன என்று ஊரார் கேட்டபோது, "பிள்ளைக கணக்கு, இன்னும் சரிபாக்கல" என்றார். அந்த மதிப்பு ஏலத்துக்கே வரவில்லை; காய்ப்பு முப்பதாயிரத்துக்கு நல்லுசாமியிடம் போனது.

மறுநாள் வகுப்பில் மாதிரி ஏலம். நாலாயிரம் பெறும் மரத்துக்கு மாணவி ஆனந்தி மட்டும், "நூறு ரூவா" என்றாள்.

"ஒரு தரம்... ஏலே, மத்தவங்களுக்கு வாயில்லையா?" என்றார் சார்.

எல்லார் வாயிலும் கடலைமிட்டாய்.

"நான்தான் ஆளுக்கொண்ணு குடுத்தேன் சார். சும்மா இருந்தாப் போதும்னு சொன்னேன்" என்றாள் ஆனந்தி.

"இது ஏலமா? பட்டப்பகல் திருட்டு! யாரு கத்துக் குடுத்தது?"

கடைசி பெஞ்சு அழகுராஜா மிட்டாயை விழுங்கிவிட்டு எழுந்தான். "நேத்து டீக்கடைக்குப் பின்னால நாங்களும்தான் சார் நின்னோம். எங்களுக்கு மிட்டாய், பெரியவுகளுக்குக் கவரு. அம்புட்டுதான் வித்தியாசம்."

ஆனந்தி கையை நீட்டினாள். "உங்களுக்கும் ஒண்ணு வச்சிருக்கேன் சார்."

சார் பேரம் பேசும் வீட்டில் பிறந்தவர்; எந்த விலைக்கும் பதில் விலை சொல்லத் தெரிந்தவர். அந்த ஒற்றை மிட்டாயைப் பார்த்ததும் அவர் கை சட்டைப்பையைப் பொத்திக்கொண்டது. காது மடல் சுட்டது.

சாயங்காலமே ஊர்க்கூட்டத்தில் கவரை வைத்து நடந்ததைச் சொன்னார். ஊரார் பழைய ஏலத்தை ரத்து செய்தார்கள்; மறு ஏலத்தில் காய்ப்பு எழுபத்தெட்டாயிரத்துக்குப் போனது.

"எடுத்தாத்தான் களவுன்னு இல்ல" என்றார் வகுப்பில், தலை நிமிராமல். "பேச வேண்டிய எடத்துல காசு வாங்கிக்கிட்டு வாய மூடுறதும் களவுதான். அந்தக் களவாணி நான்."

பிறகு கரும்பலகையில் எழுதினார்: மடைக்கு வரவு, எழுபத்தெட்டாயிரம். நல்லுசாமிக்குத் திரும்பிய கவர்ப் பணம், ஐயாயிரம். உங்களுக்கு ஸ்டான்லி தர வேண்டிய பாக்கி—

"எம்புட்டு சார்?"

"அத நீங்கதான் போடணும்" என்று சாக்பீஸை நீட்டினார்.

யாரும் வாங்கவில்லை.