நிழல் பரிசோதனை

குரங்குப் பண்ணை தொடங்கிய மூன்றாம் கோடையில், வைரஸ் தொற்றிய குரங்குகளுக்கு நிழல் விழாமல் போயிற்று. மருந்து ஆராய்ச்சிக்காகக் குரங்குகளை வளர்க்கும் பண்ணை அது. அந்த வைரஸ் குரங்குக்கு வாய்ப்புண்ணோடு போய்விடும்; மனிதருக்கு வந்தாலோ மூளையைத் தின்றுவிடும். பண்ணையின் கால்நடை மருத்துவர் ரத்தம் எடுத்து அனுப்பிவிட்டு முடிவுக்காக வாரக்கணக்கில் காத்திருப்பாள். ஒரு காலை, கூண்டுத் தரையில் கம்பிகளின் நிழல் மட்டும் விழுவதைக் கண்டாள். ரத்த முடிவுகள் வந்தபோது, நிழலில்லாத குரங்குகளுக்கெல்லாம் தொற்று இருந்தது. மேலாளர் கூரைத் தகரங்களைக் கழற்றி வெயிலை உள்ளே விடச் சொன்னார், வேறொன்றும் கேட்கவில்லை.

அந்த வருடம் மகாராணி என்ற நிழலற்ற பெண்குரங்கு குட்டி போட்டது. குட்டிக்கு மை தீட்டினாற்போல் நிழல். தாயிடமிருந்து தொற்றுவதற்குள் பிரித்தெடுத்தால் நோயில்லாத ஒரு தலைமுறையையே வளர்க்கலாம். மருத்துவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. மயக்க ஊசி போட்டாள். கூண்டுக்காரனாக வேலை பார்த்த அவளுடைய தம்பி குட்டியைத் தூக்கினான். பாதி மயக்கத்திலும் மகாராணி அவன் கையில், கையுறைக்கு மேலே, கடித்துவிட்டது. அவன் குட்டியை மட்டும் விடவில்லை.

குழாயடியில் வைத்து அக்கா அவன் கையைச் சோப்புப் போட்டுத் தேய் தேயென்று தேய்த்தாள். வைரஸுக்கான மாத்திரையை விழுங்க வைத்து, முற்றத்துக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள். பண்ணையே பின்னால் ஓடியது.

"இருக்காக்கா?" தம்பி கண்ணை இறுக மூடியிருந்தான்.

"ஆடாம நில்லுடா!"

நிழல் இருந்தது. கடிபட்ட கை மட்டும் அதில் இல்லை.

அக்கா அழவில்லை. மருந்தை நிறுத்தவுமில்லை. காலைதோறும் வேலையைப் போட்டுவிட்டு எல்லோரும் முற்றத்தில் கூடினார்கள். ஒரு நாள் கையின் நிழல் தோள்வரை தேய்ந்தது. அன்று யாரும் சாப்பிடவில்லை. பிறகு முழங்கை திரும்பியது, மணிக்கட்டு திரும்பியது. "விரல் வந்துடுச்சு! சுண்டுவிரல் வந்துடுச்சு!" என்று மேலாளரே குதித்தார். கடைசி விரலும் வந்த அன்று, கூடவே நீளமாக ஒன்று வந்தது.

"அக்கா, வால் மாதிரி இருக்கே?"

"வாலேதான். இருந்துட்டுப் போகுது, விடு. நீ இருக்கேல்ல, அது போதும்."

சொல்லிவிட்டுத்தான் அழுதாள்.

அந்தக் குட்டி வளர்ந்து நோயில்லாத பெருங்கூட்டத்துக்குத் தாயானது. தம்பிக்கும் கல்யாணம் ஆயிற்று. காலையில் அவன் வேலைக்குக் கிளம்பும்போது, வால் முழுதும் வாசலைத் தாண்டிவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் அவன் மனைவி கதவைச் சாத்துவாள்.