நூற்று நாற்பது

…கேக்குதாக்கா, அருவிச் சத்தம், என்று தங்கை கேட்டதற்கு ஆமாம் என்று தலையாட்டியாகிவிட்டது, இனி அதை எப்படித் திரும்ப வாங்குவது, எதிரே வருகிறவர்களின் தலையெல்லாம் ஈரம், அப்படியானால் அருவி பக்கத்தில்தான் இருக்கிறது, பக்கத்தில் இருக்கும் அருவி எப்படி இரையும் என்று அவளுக்குத் தெரியாதா என்ன, ஆனால் காதுக்குள் பஞ்சடைத்தாற்போல ஒரு மந்தம், அவ்வளவுதான், ஒரு பறவைகூட இல்லை… கால் மணி நேர நடை, சமதளம், இரண்டு பக்கமும் மரக் கைப்பிடி, ஏழு மாதக்காரி தாராளமாக நடக்கலாம் என்று அழைத்து வந்தது அவள்தான். அக்கா சொன்னால் தங்கைக்கு மறுபேச்சு கிடையாது, பதினெட்டு வருஷமாகப் பிரசவ வார்டில் நர்ஸ் ஆயிற்றே. தங்கையின் உதடு அசையும்போதெல்லாம் முகத்தைப் பார்த்துக்கொண்டால் போதும், பேச்சு பிடிபட்டுவிடும், பாதையைப் பார்ப்பதா உதட்டைப் பார்ப்பதா, இரண்டு முறை வேர் தடுக்கியது. என்னக்கா, புள்ளத்தாச்சி நானா நீயா, என்று தங்கை சிரித்தாள். அவளும் சிரித்தாள். போன செவ்வாய்க்கிழமையும் இப்படித்தான் சிரித்து வைத்தாள், ஒரு பெண்ணின் வயிற்றில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, நகர்த்தி, மறுபடி வைத்து, குழந்தையின் இதயத் துடிப்பு எங்குமே கேட்காமல் டாக்டரைக் கூப்பிட, அவர் வைத்த மாத்திரத்தில், நல்லா கேக்குதே சிஸ்டர், நூத்தி நாப்பது, என்றார். நூற்று நாற்பது. அவள் வழக்கமாக எழுதும் எண். போன மாதமெல்லாம் அவள் எழுதிய நூற்று நாற்பதுகளில் கேட்டு எழுதியது எத்தனை, பழக்கத்தில் எழுதியது எத்தனை, அதில் ஒன்றுகூடவா தடுமாறியிருக்காது… வேண்டாம், இப்போது வேண்டாம், மரத்தைப் பார், இலையைப் பார்.

தங்கை நின்றுவிட்டாள். பாதையோரப் பலகையில் மெல்ல உட்கார்ந்து, சொல்வதா வேண்டாமா என்று யோசிப்பவள் போல வயிற்றைத் தடவினாள். "அக்கா, காலையிலேர்ந்து இவன் அசையவே இல்ல. கொஞ்சம் கேட்டுப் பாரேன்." மண்டியிட்டாள், வேறு என்ன செய்வது, சட்டை மேலேயே காதை வைத்தாள், சோப்பு வாசனை, வெதுவெதுப்பு, அவ்வளவுதான், இடம் மாற்றினாள், தன் காது செத்ததா, உள்ளே வேறேதாவதா, எப்படிப் பிரித்தறிவது, நூற்று நாற்பது நாக்கு நுனிக்கு வந்து நின்றது, சொன்னால் தங்கை எழுந்து அருவிக்கு நடப்பாள், சிரிப்பாள், இருட்டும்வரை அசைவுக்காகக் காத்திருப்பாள்… "நல்லா…" என்று தொடங்கி நிறுத்தினாள்.

"எனக்குக் காது கேக்கலடி."

"என்னக்கா?"

"ரொம்ப நாளாவே. அருவியும் கேக்கல. எந்திரி, திரும்பிடலாம், ஆஸ்பத்திரில மெஷின் வச்சுப் பாத்துடுவாங்க."

தூரத்தில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், கத்திவிட்டாள் போல. தங்கை அழவில்லை, திட்டவில்லை, இரண்டு கையாலும் வயிற்றை மூடிக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாள். "அப்ப இவ்ளோ நாளா வார்டுல என்ன பண்ணின?"

திரும்பி நடந்தார்கள், தங்கையின் கையைப் பிடிக்கலாமா கூடாதா, பிடித்தால் உதறுவாளோ, எத்தனை பேர், எத்தனை கட்டில், முகம் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லையே… பாதி வழியில் தங்கையே அவள் கையை இழுத்துத் தன் வயிற்றில் வைத்தாள். ஓர் உதை. சற்றுப் பொறுத்து இன்னொன்று. தங்கையின் முகம் இளகி, கண் நிறைந்து, "எத்திட்டான்க்கா," என்றது உதட்டில் தெரிந்தது. இருந்தாலும் போய்ப் பார்த்துவிடலாம் என்றாள் அவள், சரி என்றாள் தங்கை. இப்போது பயம் இறங்கியிருக்க வேண்டும், உள்ளங்கையில் குழந்தை நன்றாகத்தான் முட்டுகிறது, ஆனால் பயம் இறங்கவில்லை, இருந்த இடத்தில் அப்படியே இருந்தது, அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது, பலகையோரம் மண்டியிட்டுக் காதை வைத்தபோது அவள் பயந்தது இவனுக்காக இல்லை, கேட்காமலே எழுதிய அந்த நூற்று நாற்பதுகளுக்காக.