சிப்பித் தட்டில் இமெல்டா

1

இந்தக் கதை எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் தொடங்கியது. ஒரு போட்டி. ஒருவரை ஐஸ் தொட்டிக்குள் கழுத்துவரை இறக்கிவிட்டு பிரான்சின் தலைநகரைக் கேட்டார்கள். அவருக்கு விடை தெரிந்திருந்தது. பல் கிட்டியதால் சொல்ல முடியவில்லை. நான் சிரித்தேன். பிறகு, இதை மன்னாருக்குக் கொண்டுவந்தால் என்ன என்று யோசித்தேன்.

போட்டியாளர் இமெல்டா, பள்ளிமுனை. கணவன் றெக்சனின் படகு எஞ்சின் இனித் திருத்த ஏலாதபடி பழுதாகிவிட்டது. அவன் இப்போது இன்னொருவர் படகில் கூலிக்குப் போகிறான். போட்டியின் பரிசு ஒரு புது எஞ்சின். ஆகவே இமெல்டா வெல்ல வேண்டும். (என் விருப்பமும் அதுதான்.)

2

முதல் தொடக்கம்: "ஐஸ் தொட்டிக்குள் இறங்கிய இமெல்டாவின் உடல் நடுங்கி..."

நடுங்கவில்லை. அவள் மீன் வாடியில் நாள் முழுக்க ஐஸுக்குள் மீன் அடுக்குகிறவள். "இன்னும் கொஞ்சம் போடச் சொல்லுங்கோ பிள்ளை, கரையுது" என்றாள் என்னிடம். எழுதிய வரியை அடித்தேன்.

இரண்டாம் தொடக்கம்: "பெரிய மின்விசிறிகள் மணலை வாரி அவள் முகத்தில்..."

அவள் பிறந்த இடம் தலைமன்னார். காற்றுக் காலத்தில் சோற்றில் மணல் கடிபடாவிட்டால் ஏதோ குறைகிறது என்று நினைக்கிற குடும்பம். அடித்தேன்.

மூன்றாவதில் ஒரு கழுதை வந்தது. அது கேள்வித்தாள்களைத் தின்றுவிட்டது.

(நான் விஞ்ஞானம் படித்தவள். தூண்டலுக்கு உயிரி அசையாவிட்டால் உயிரியை மாற்றக் கூடாது; தூண்டலைத்தான் மாற்ற வேண்டும்.)

3

முழங்கால்!

உடைந்த சிப்பி பரப்பிய தட்டில் முழந்தாளிட்டு, இரு கைகளையும் விரித்துப் பிடிக்க வேண்டும். எழும்பினால் ஆட்டம் முடிந்தது. விடைகள் ஒவ்வொன்றாக வாசிக்கப்படும். சரியானது வந்ததும் வாய் திறந்து நிறுத்த வேண்டும். என்ன சொன்னாலும் சரி, வாய் திறந்த இடம்தான் விடை.

விதியை எழுதிய பிறகுதான் எனக்கு உறைத்தது. தவக்காலத்தில் கோயிலில் இமெல்டா இப்படியேதான் நிற்பாள், இதே கைகளோடு. சிப்பி மட்டும் புதிது.

கொழும்பிலிருந்து வந்த தொகுப்பாளர் யதுர்சிகா குனிந்து கேட்டாள். "நோகுதா அக்கா?"

"சிப்பி பரவாயில்லை. உங்கட கதைதான் நீளுது. கேள்வியைக் கேளுங்கோ."

"அவசரப்படாதை!" என்று கூட்டத்திலிருந்து றெக்சன் கத்தினான்.

"நீங்கள் வாயை மூடுங்கோ. ஆர் இஞ்ச முழங்காலில நிக்கிறது?"

மற்றக் கேள்விகளை அவள் தாண்டிவிட்டாள். (அவற்றை எழுதச் சோம்பலாக இருந்தது.) கடைசிக் கேள்வி: மிகக் குறுகிய நாளைக் கொண்ட கோள் எது?

சனி, என்று இமெல்டா முடிவெடுத்தாள். மகளின் பாடப்புத்தகத்தில் வளையத்தோடு சுற்றுவதுபோல் இருந்த படம் அதுதான். சனி வரட்டும் என்று காத்திருந்தாள்.

யதுர்சிகா ஒவ்வொரு பெயரையும் இழுத்து வாசித்து, நிறுத்தி, கமராவைப் பார்த்தாள்.

"புதன்..."

முழந்தாள். விரித்த கைகள். ஒரு பெயர். ஒரு இடைவெளி. இமெல்டாவின் உதடு தானாக அசைந்தது. பல்லைக் கடித்தாள்.

"வெள்ளி..."

நாக்கையும் கடித்தாள்.

"வியாழன்..."

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."*

பார்க்க வந்திருந்த பள்ளிமுனைப் பெண்களும் இமெல்டாவோடு சேர்ந்தே சொன்னார்கள்.

வியாழன் சரி. இசை. வண்ணக் காகிதங்கள். றெக்சன் ஓடிப்போய் எஞ்சினைக் கட்டிப்பிடித்தான்.

* கோயில் மன்றாட்டில் புனிதர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக வரும். ஒவ்வொன்றுக்கும் இதுதான் மறுமொழி. சிறு வயது முதல் சொல்கிறவர்களுக்கு அது மூளைவரை போவதில்லை. முதுகெலும்புக்குள் ஓடும் முண்ணாணோடு திரும்பிவிடும்.

4

நடுவர் வந்தார். (எனக்குப் பிடிக்காத பாத்திரம். ஆனால் அவர் கேட்டது நியாயம்.)

"எழும்பாதேங்கோ அம்மா. தெரிஞ்சுதான் நிப்பாட்டினீங்களோ, இல்லாட்டி பழக்கத்தில வந்ததோ? ஓம், தெரிஞ்சுதான் எண்டால் எஞ்சின் உங்களுக்கு. உங்கட சொல்லை நம்புறம்."

"ஓம் எண்டு சொல்லன்!" றெக்சன் எஞ்சினை விடவில்லை.

இமெல்டா நடுவரைப் பார்த்தாள். "எழும்பி நிண்டு சொல்லலாமோ?"

"எழும்பினால் ஆட்டம் முடிஞ்சுது."

"ஏனடியப்பா உனக்கு எழும்ப வேணும்?" என்றான் றெக்சன்.

ஏனென்றால், நின்றபடி அவள் பொய் சொல்லியிருக்கிறாள். நேற்றைய மீனை இன்று விடிய வலையில் பட்டது என்றிருக்கிறாள். முழந்தாளில் நின்று ஒருநாளும் சொன்னதில்லை.

5

முடிவு அ: "ஓம்" என்கிறாள். புது எஞ்சினோடு படகு கடலுக்குப் போகிறது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எல்லோரும் முழந்தாளிட, அவள் மட்டும் நிற்கிறாள். முழங்கால் நோகிறதாம்.

முடிவு ஆ: "இல்லை" என்கிறாள். றெக்சன் அவளைச் சைக்கிளில் இருத்தித் தள்ளிக்கொண்டு போகிறான். வேகமாகத்தான் போகிறான். பள்ளம் வந்த இடங்களில் மட்டும் மெதுவாகத் தள்ளுகிறான்.

முடிவு இ: அந்த நேரம் பார்த்து அந்தக் கழுதை...

இல்லை.

முதல் இரண்டையும் மாறி மாறி வாசித்தேன். எஞ்சின் வேண்டும் என்று ஒருமுறை தோன்றியது. பள்ளங்களை விட மனமில்லை என்று மறுமுறை.

"என்ன பிள்ளை, எழுதி முடிச்சாச்சோ?" என்கிறாள் இமெல்டா. "கை உளையுது."

இவ்வளவு நேரமும் நீங்கள் வாசித்துக்கொண்டிருந்தபோது அவள் கையை இறக்கவில்லை. ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். தெரிந்துதான் தேர்ந்தெடுத்தீர்களா என்று உங்களை ஒருவரும் கேட்கப்போவதில்லை. நீங்கள் வசதியாகக் கதிரையில் இருக்கிறீர்கள்.

கொஞ்சம் கெதியாக.